அன்னாசியில் ஏலக்காய் வாசம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை, விட்டு விட்டு. மூன்று நாளாக வெயிலின் முகமே இல்லை. கொடியில் போட்ட துணி எல்லாம் ஊளை நாற்றம்.

எங்கள் பெண்கள் குழுவான அயல்கூட்டத்துக்கு வந்த காய்கறி உலர்த்தும் மெஷின் என் வீட்டில் இருப்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திமிர்தான். பத்துத் தட்டு. ஆளுக்கு இரண்டு நாள் முறை, அவரவரே வந்து அடுக்கி எடுத்துக்கொள்வார்கள். நேற்று வரை, தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்து லயத்துப் புஷ்பத்தின் பாவக்காய். இன்று என் அன்னாசி.

- கனமாக நறுக்கினால் நடுவில் பிசுபிசுப்பு. இன்னும் மெல்லிசாக.
- சின்னத் துண்டுகள் தட்டின் ஓட்டை வழியே விழுகின்றன. தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரித்துப் பொறுக்கும்போது நான் தலையில் கட்டும் வெள்ளைத் துண்டுகளைத் துவைத்துத் தட்டில் விரித்தேன். ஒன்றும் விழவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.
- கறிவேப்பிலை கடைசித் தட்டில். மறக்கக் கூடாது. (மறந்தேன். கருகல்.)

ஆகஸ்ட் 8, வெள்ளி

தூறல். ஆனைக்கரைக் கடையில் கொடுத்த அன்னாசிப் பொட்டலம் ஆறும் திரும்பி வந்துவிட்டன. கூட்டத்துச் செக்ரட்டரி லிசி சேச்சி ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்தார். "எந்தா ஸ்டெல்லா, இதுல ஏலக்கா மணம் அடிக்குதே?"

நானும் முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்லியிருக்கலாம். சொன்னது: "எனக்கு முன்னாடி புஷ்பந்தான் வச்சா. ஏலத்தோட்டத்துல காய் எடுக்கிறவ இல்லையா சேச்சி."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் என்ன வேண்டும். பச்சை ஏலக்காயைத் திருடி மடியில் கட்டிக்கொண்டு போனால் அழுகிவிடும், காயவைத்தால் கடைக்குப் போகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் ஸ்டோர் வாசலில் சூப்பர்வைசர் செல்வராஜ் அண்ணன். "மெஷினு எப்படி ஓடுது?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அதுல ஏலக்காயும் காயுதாம்ண்ணே. புஷ்பத்தைக் கேளுங்க."

ஏன் சொன்னேன்? அவர் நின்று என்னிடம் பேசியது பெருமையாக இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மூன்றரைக்கு எடை. காய் எடுத்த பெண்கள் அறுபது பேர் சாக்கும் கையுமாக வரிசையில். ஸ்டோர் சன்னல் வழியாகப் பார்த்தேன். புஷ்பத்தின் பையை வாங்கித் தரையில் கவிழ்த்தார்கள். தூக்குவாளி, வெற்றிலை, மாத்திரை அட்டை, உள்பாவாடை. அதைத்தான் முதலில் குனிந்து அள்ளினாள். ஏலக்காய் ஒன்றுகூட இல்லை.

"ஏண்ணே, என் பைய மட்டும் கொட்டுறீக?"

"திங்கக்கிழமைலேருந்து வரவேணாம். சொல்லி அனுப்புறோம்," என்றார் செல்வராஜ் அண்ணன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சன்னலை விட்டு நகர்ந்து மறுபடி பொறுக்க உட்கார்ந்தேன். கண் காயைப் பார்க்கவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு குரல்: முன்னாடியே வித்திருப்பா. அந்தக் குரலும் என்னுடையதுதான்.

மெஷினில் வேறொருத்தியின் நேந்திரம்பழம். பன்னிரண்டு மணி நேரம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கம்பத்திலிருந்து தங்கச்சி ஜெசி. கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைத்தவள், "என்னக்கா, இந்தத் துண்டு இம்புட்டு ஏலக்கா வாசமடிக்குது? துவைக்கவே மாட்டியா?" என்றாள்.

துவைத்ததுதான். சோப்புப் போட்டு இரண்டு தடவை. பதினெட்டு வருடம் பொறுக்கிய மூக்கு, எனக்கு அது வாசமே இல்லை.

அந்தத் துண்டை மட்டும் தட்டில் விரித்து அரைமணி நேரம் மெஷினை ஓட்டினேன். கதவைத் திறந்து ஜெசியைக் கூப்பிட்டேன். "பாயசம் வச்சியா?" என்று எட்டிப் பார்த்தாள்.

புஷ்பம் திருடி இல்லை. திருட்டே இல்லை. ஜெசிக்கு மீன் பொரித்துக் கொடுத்தேன். அவள் பஸ் ஏறும்வரை சிரித்த முகமாகவே இருந்தேன். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவமானம். புஷ்பத்தைப் பார்க்கப் பயந்து தண்ணீர்க் குழாய்க்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை முதல் வேலையாக செல்வராஜ் அண்ணனிடம் துண்டைக் காட்டி எல்லாம் சொன்னேன். "விடு ஸ்டெல்லா. இப்பத் திருப்பிக் கூப்பிட்டா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்க? அடுத்த மாசம் பாப்போம்."

வேலை விட்டதும் புஷ்பத்தின் வீடு. தனியாக இருந்தாள். வழி முழுக்க ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. துண்டு, லிசி சேச்சி, ஸ்டோர் வாசல் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு, "ரேஷன் கடையில கூட என்னையப் பாத்து பைய இறுக்கிப் பிடிக்கிறாக அக்கா," என்றாள்.

"தப்புதான் புஷ்பம். மன்னிச்சிரு."

"இப்ப நாம ரெண்டு பேரு இருக்கோம். அன்னைக்கு அறுபது பேரு இருந்தாக."

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். எப்படிக் குடித்தேனோ.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். மெஷின் ஓடவில்லை. இன்று என் முறை, பலாச்சுளை வாங்கியது அப்படியே கிடக்கிறது. அறுபது பேர் முன்னால் சொன்னால் என் வேலை போகுமா? போகலாம். மதியம் சோற்றை நாய்க்குப் போட்டேன்.

மூன்றரை. ஸ்டோரிலிருந்து இறங்கினேன். "எங்க போற?" என்றார் செல்வராஜ் அண்ணன். தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"புஷ்பம் எதையும் எடுக்கல. அந்த வாசம் என் தலைத்துண்டுல இருந்தது. தெரியாமப் பழி போட்டது நான்."

முன்னால் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "என்னக்கா சொல்றீக? காதுல விழல. சத்தமாச் சொல்லுங்க."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.