ஓடும்போது மட்டும் ஒழுகிய எண்ணெய்

நேற்றுக் காலை பாண் வாங்கப் போகும்போது, எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒருவர் தன் திரீவீலைச் சரித்து வைத்துக் கியர் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். பழைய எண்ணெய் தகர டப்பாவில் கறுப்பாக வடிந்தது. அந்த மணம் உமக்குத் தெரியும். முட்டை கெட்டுப்போன மாதிரி என்று நீர்தான் சொல்வீர். போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். நீர் போய் மூன்று வருடம். உம்முடைய சேலைகள் இருக்கும் அலுமாரியைத் திறக்கும்போதுகூட நீர் இவ்வளவு கிட்ட வந்ததில்லை.

எங்களுடைய பழைய சாம்பல் நிறக் காரின் மணம் அது. கொழும்பில் யுத்த காலம். தினமும் காலையில் வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டு, கொட்டாஞ்சேனையில் நீர் கணிதம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் உம்மையும் ஐந்து வயது மகளையும் இறக்கிவிட்டு, புதுக்கடையில் நான் கிளார்க்காக இருந்த சட்டத்தரணியின் கந்தோருக்குப் போவேன். ஒருநாள் பின் சில்லு ஒன்றின் உட்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தது. கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிட்ட முஸ்லிம் மெக்கானிக்கிடம் விட்டோம். பின் அச்சில் எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதியது போட்டுத் தந்தார். ஒரு கிழமைக்குள் மறுபடியும் ஈரம். பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அடுத்த திங்கட்கிழமை, காலி வீதிச் சோதனைச் சாவடியில் பிரேக்கை மிதித்தேன். எண்ணெய் பிரேக்குக்குள் இறங்கியிருந்தது எனக்குத் தெரியாது. கார் ஒரு பக்கம் இழுபட்டு, நிற்கவேண்டிய பீப்பாயைத் தாண்டி ஓடியது. ஆமிக்காரன் ஒருவன் கத்திக்கொண்டே துவக்கை உயர்த்தினான். அந்த நாட்களில் நிற்காமல் போகும் வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். என் கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டது. நீர் இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே தோள் வரைக்கும் நீட்டி, விரல்களை விரித்துக்கொண்டு, பிரேக் இல்லை தம்பி என்று சிங்களத்தில் கத்தினீர்.

"ப்ரேக் நே மல்லி! ப்ரேக் நே!"

கார் நடைபாதைக் கல்லில் முட்டி நின்றது. பின் சீற்றில் மகள் அழத் தொடங்கினாள். வந்தவனுக்கு இருபது வயது இருக்குமோ என்னவோ. அடையாள அட்டைகளைப் பார்த்தான், குனிந்து சில்லைப் பார்த்தான், விரலால் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தான். "அக்கா, இதைத் திருத்தாமல் இந்தப் பக்கம் வரவேண்டாம்" என்று சிங்களத்தில் சொன்னான்.

அன்று பின்னேரம் கராஜில் நான் பேசிய பேச்சு இன்றைக்கும் எனக்கு வெட்கம். வேலை தெரியாதவர், பழைய ரப்பர் சீலைப் போட்டு ஏமாற்றியவர் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நானா காரை உள்ளே எடுத்தார். இரண்டு பக்கமும் மறுபடி சீல் மாற்றி, பிரேக்கைக் கழற்றிப் புதுக் கட்டைகள் போட்டார். பத்து நாள் போனது. மறுபடியும் ஈரம்.

நான் சேர்ட்டை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன். நீர் காரின் திறப்பை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டீர்.

"கொஞ்சம் பொறுங்கோ. எங்காலை வருதெண்டு முதல்ல பாப்பம்."

மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக இரண்டு பேரும் காருக்குக் கீழே படுத்து அச்சைத் துடைத்தோம். அது காய்ந்ததும் நீர் உள்ளே போய் மகளின் பவுடர் டின்னைக் கொண்டுவந்து அச்சு முழுவதும் தூவினீர். "எண்ணெய் பட்ட இடம் கறுத்துக் காட்டும்" என்றீர். மகளுக்கு ஒரே கோபம். அடுத்த நாள் காலை பார்த்தால் பவுடர் தூவினபடியே வெள்ளையாக இருந்தது. காரை மெல்ல மெல்லத் தெஹிவளை வரை ஓட்டிப்போய்த் திரும்பினோம். இப்போது இரண்டு சில்லுப் பக்கமும் கறுத்து வழிந்திருந்தது.

"நிண்டா ஒழுகேல்லை. ஓடினாத்தான் ஒழுகுது" என்றீர். கணக்கில் பிழை எங்கே என்று பிடித்துவிட்ட ரீச்சரின் முகம் அப்போது உமக்கு.

கராஜுக்கு நீரும் வந்தீர். நானா என் முகத்தைப் பார்க்கவில்லை. நீர் கேட்டீர்: "நானா, ஓடேக்கை அச்சுக்குள்ளை சூடாகும்தானே? சூடான காத்து எங்காலை வெளியிலை போகும்?"

"அதுக்கு மேலே ஒரு சின்ன மூச்சு ஓட்டை ஈக்கி தங்கச்சி..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனார். சுரண்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவரின் நகம் கறுத்திருந்தது.

"இந்தத் தார யாரு பூசின?"

நான்தான். கடற்காற்றில் துருப்பிடிக்கும் என்று பயந்து, ஒரு பௌர்ணமிப் போயா லீவில், பழைய தூரிகையால் காரின் அடிப்பக்கம் முழுவதும் தார் அப்பினவன் நான். எவ்வளவு பெருமையாக உம்மைக் கூப்பிட்டுக் காட்டினேன்! அந்த மூச்சு ஓட்டையும் அதோடு அடைபட்டுவிட்டது. உள்ளே சூடேறிய காற்றுக்கு வழியில்லாமல், அது எண்ணெயைச் சீலுக்கு வெளியே தள்ளியிருக்கிறது. எத்தனை சீல் மாற்றினாலும் அப்படித்தான் இருந்திருக்கும். என் பிள்ளைக்கும் உமக்கும் நேரே துவக்கைத் திருப்பியது என் கைதான்.

நீர் என்னை ஏசவில்லை. மெல்லிய குரலில், "போய்க் கதைச்சிட்டு வாங்கோ. நான் காருக்கை இருக்கிறன்" என்று மட்டும் சொன்னீர்.

"நானா, பிழை என்ரை. அண்டைக்கு அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். "தாருதானே, சுரண்டினா போகும்."

அதற்குப் பிறகு அந்தக் கார் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், சாவடிக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, பீப்பாய்க்கு நேரே நிறுத்தினேன். அதே பெடியன்தான். பிரேக் சரிதானா என்று விசாரித்தான்: "ப்ரேக் ஹரித அக்கே?" "ஹரி மல்லி" என்றீர். அவன் முதல்முறையாகச் சிரித்தான்.

அவனைக் கடந்த பிறகுதான், பத்துப் பன்னிரண்டு நாளாக எனக்குள் கிடந்ததைக் கேட்டேன். "அண்டைக்கு நீர் ஏன் கையை வெளியிலை நீட்டினனீர்? சுட்டிருந்தால்?"

நீர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னீர்: "பிள்ளை பின்னாலை இருந்தவள். அவன் என்னைப் பாக்கவேணும் எண்டு நினைச்சன்."

பிறகு முப்பது வருடம் ஒன்றாக இருந்தும் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவே இல்லை. கதைத்திருக்கலாம். பொரளையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீர் கடைசியாகக் கிடந்தபோதும் வாய் வரைக்கும் வந்தது. மருந்து, சாப்பாடு என்று வேறு எதையோ கேட்டேன்.

நேற்று இரவு மகள் வழக்கம்போல வெளிநாட்டிலிருந்து டெலிபோன் எடுத்தாள். அவளுக்கு அந்தக் காலையில் தான் அழுதது மட்டும்தான் நினைவு. நான் முதல்முறையாக முழுவதும் சொன்னேன், தார் பூசினதையும் ஒளிக்காமல். கையை ஏன் நீட்டினீர் என்று கேட்டதற்கு நீர் சொன்ன வசனத்தையும் சொன்னேன்.

"அம்மா என்ன சொன்னவா? இன்னொருக்காச் சொல்லுங்கோ, அப்பா."

நீர் சொன்ன மாதிரியே, உம்முடைய குரல் எப்படி இருந்ததோ அப்படியே, இன்னொருமுறை சொன்னேன்.