மேடானுக்குப் புரியாத மொழி

சனி, 14. புந்தோங்.

அனைத்துலக மேசைப்பந்துக் குழுப் போட்டியில் இன்று மேடான் அணியை வென்றோம். இரண்டுக்கு இரண்டு என்றிருந்தபோது கடைசி ஆட்டம் தேவி அக்காவுடையது. பயிற்சியாளர் மலாயில் சொன்ன ஒவ்வொரு யோசனையும் எதிரே நின்ற இந்தோனேசியாக்காரிக்கும் புரிந்தது. கடைசி செட்டில் ஒன்பதுக்கு ஒன்பது என்றிருந்தபோது, மாற்று ஆட்டக்காரியான நான் பெஞ்சிலிருந்து கத்தினேன்.

“அக்கா, அவ முழங்கையப் பாத்து அடிலா!”

அடித்தாள். அடுத்த இரண்டு புள்ளியும் எங்களுக்கு.

வெளியே வந்ததும் எங்கள் அணி மேலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். “எல்லா நாட்டுக்காரனும் பாக்குறான். எஸ்டேட்ல கத்துற மாதிரி தமிழ்ல கத்துற?”

சிலிம் ரிவர் தோட்டத்தில் பிறந்தவர்தான் அவரும்.

“ஜெயிச்சோமே, சார்.”

“நாளைக்கு நீ பெஞ்சுல இல்ல.”

அக்கா மட்டையை உறைக்குள் போட்டாள். “அப்ப என் பேரையும் எழுதாதீங்க, சார்.”

சொன்னால் செய்வாள். நாளை அரையிறுதி. இதற்காகத்தான் எட்டு வருடமாக வேலை முடிந்து பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வந்தாள். காலையில் பெயர்ப் பட்டியல் கொடுப்பதற்குள் நான் சாரிடம் மன்னிப்புக் கேட்டால் என்னைப் பெஞ்சில் விடுவார், அவளும் ஆடுவாள்.

கேட்டுவிடுவேன். தமிழில்தான் கேட்பேன்.