ஆம்பளைக்கு உள்ளே என்ன வேலை?

பொகோட்டா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நாங்கள் மூவரும் சமாளித்துக்கொண்டிருக்கிறோம். பயப்படாதே, உன் பேத்தி குறித்த நாளுக்கு ஏழு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். எடை ஒன்றரைக் கிலோதான். பெற்றவள் நெல்சிக்குக் காய்ச்சல். அதனால் குழந்தையை வெற்று நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கும் வேலையை டாக்டரம்மா என்னிடம் கொடுத்தார்.

நேற்று வார்டு வாசலில் காவலாளி மறித்தான்.

"அம்மாக்கள் மட்டும்தான்யா. ஆம்பளைக்கு உள்ள என்ன வேலை?"

"அவ அம்மா காய்ச்சல்ல கிடக்கா. என் பொண்ணு குளிர்ல கிடக்கணுமா?"

"நீ என்ன பாலா குடுக்கப்போற?"

சிரித்தான், அம்மா! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அங்கேயே சட்டையைக் கழற்றி, "சூடு இருக்கான்னு தொட்டுப் பாரு!" என்று கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து, அவனைத் திட்டிவிட்டு என்னை அழைத்துப்போனாள். குழந்தையின் பாதம் ஐஸாக இருந்தது. அரை மணி நேரத்தில் சூடேறித் தூங்கிவிட்டாள். இதைத்தான் தடுக்கப் பார்த்தான்!

இன்று இன்னொரு அப்பாவையும் மறித்தான். நான் பக்கத்தில் போய் நின்று என் சட்டைப் பொத்தானில் கை வைத்தேன். "போய்த் தொலைங்க" என்று வழிவிட்டான்.

அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டுவா. நாள் முழுக்கக் குழந்தையிடம் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பால் நேரம், கூப்பிடுகிறார்கள்.

உன் மகன்,
அர்செசியோ