கர்ட் நகர்த்திய புள்ளி

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் மாட்டு மந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. என் பஸ்ஸில் இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நான் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அப்போதுதான் கர்ட்டின் செய்தி வந்தது.

"மேப்ல இருக்கிற நம்ம புள்ளிங்களை எல்லாம் உன் ஃபோன்லேர்ந்து அழிச்சிடு. அது எங்க குடும்பத்து இடம்."

ஜூனில் எங்களுக்கு விவாகரத்து ஆனபோது புது வண்டி அவனுக்கு, நாய் அவனுக்கு, பழைய வண்டியும் வாடகை வீடும் ஃப்ரீசரும் எனக்கு. எல்லாவற்றையும் பிரித்தோம். வேட்டை மேப்பை மட்டும் மறந்துவிட்டோம். இரண்டு ஃபோனிலும் ஒரே மேப். ஒருவர் ஒரு புள்ளி வைத்தால் மற்றவருக்கும் தெரியும், ஒருவர் மாற்றினால் மற்றவருக்கும் மாறும். நாங்கள் வேட்டைக்குப் போகிற மர்டோ பள்ளம் முழுக்க எங்கள் புள்ளிகள்தான். சேற்றுக்குழி. சாண்ட்விச் பாறை. கர்ட் வழுக்கிய சரிவு. பேசாத மேடு (அன்று இருவரும் பேசவே இல்லை). பாதிக்கு மேல் நான் கண்டுபிடித்தவை. பெயர் வைத்தது முழுக்க நான்.

அதே மேப்பில் தனியார் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரர் பெயர் எழுதியிருக்கும். மர்டோ பள்ளம் பச்சையாக இருக்கிறது. பச்சை என்றால் அரசாங்கக் காடு. அவன் குடும்பப் பெயரை நான் அங்கே எங்கேயும் பார்க்கவில்லை.

"முடியாது" என்று பதில் போட்டேன். மாடுகள் நகர்ந்தன.

செப்டம்பர் 13

மறுபடி கேட்டான். மறுபடி முடியாது என்றேன்.

செப்டம்பர் 21, சனி

தோட்டா வாங்க மெர்ல் கடைக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. மெர்ல் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை எடுத்து வைத்தார்.

"ரோண்டா, நான் சட்டம் பேசல. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல. கர்ட்டோட அப்பா காலத்துலேர்ந்து அந்தப் பள்ளத்துக்கு அவங்கதான் போறாங்க."

"அப்படியா? அங்க மேயுற எல்க் மானுங்களுக்கு யாராவது சொல்லிட்டீங்களா, அதுங்க அவங்க வீட்டு மாடுன்னு?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மெர்ல் சிரிக்கவில்லை. கர்ட் மனசு ஒடிந்து போயிருக்கிறானாம், நான்தான் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணுமாம். என் மனசு எந்தக் கடையிலும் பேச்சாகவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். ஒரு பை பட்டாணி, ஐஸ். எத்தனையோ வருஷத்தில் முதல் முறையாகக் கடைக் கறி வாங்கித் தின்கிறேன். அதுகூடப் பெரிசில்லை. இந்த வருஷம் நான் ஒதுங்கினால் அடுத்த வருஷம் தானாகவே ஒதுங்கிவிடுவேன். அப்புறம் ஊர் சொல்வது நிஜமாகிவிடும்: அந்த மலைக்கு நான் கர்ட்டின் பெண்டாட்டியாகத்தான் போனேன், ரோண்டாவாகப் போகவில்லை என்று. விட மாட்டேன். ஒரு எல்க் மான், நானே சுட்டு, நானே இறக்கி, இந்த ஃப்ரீசரில். அவ்வளவுதான் வேண்டும்.

செப்டம்பர் 22

லோர்னா வந்தாள், கர்ட்டின் தங்கை. கோவேறு கழுதைகள் வைத்து வேட்டைக்காரர்களுக்குச் சுமை இறக்கித் தருகிறவள். ஒரு கூடை ஆப்பிள் கொண்டு வந்தாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் யார் பக்கமும் இல்ல ரோண்டா. அவன்கிட்டயும் இதையேதான் சொன்னேன்" என்றாள்.

அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கம் இல்லாதவர்களுக்குத்தான் எப்போதும் நிம்மதியான தூக்கம். ஆப்பிள் நல்ல ஆப்பிள்.

அக்டோபர் 6, ஞாயிறு

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். கோபத்தில்.

வேட்டை சீசனுக்கு முன்னால் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று விடியற்காலையில் கிளம்பினேன். பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சேற்றுக்குழிப் புள்ளியைத் தொட்டு, ஃபோன் காட்டிய கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஏற்றம் கொஞ்சம் அதிகமாக இருப்பதுபோலத் தோன்றியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பனி விலகியபோது நான் நின்றது சேற்றுக்குழியில் இல்லை. ஒரு மேடு தாண்டி, காட்டுத்தீயில் எரிந்துபோன சரிவில். கரிக்கட்டை மரங்கள், இடையில் இடுப்பளவு பைன் கன்றுகள். யாரும் ஏறெடுத்தும் பார்க்காத இடம். ஃபோன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். எல்லாமே ஒரு மேடு வடக்கே தள்ளியிருந்தது. கீழே சின்ன எழுத்தில்: கடைசியாக மாற்றியவர், கர்ட்.

உக்காந்து உக்காந்து நகத்தியிருக்கான் பாவி. ஒவ்வொண்ணா. பேசாத மேட்டைக்கூட விடல. அழிச்சா நான் கண்டுபிடிச்சிடுவேன்னுதானே? நான் தொலைஞ்சு போகட்டும்னா? இல்ல, தேடித் தேடிக் களைச்சுப்போய் வீட்டுக்குள்ள உக்காரட்டும்னா?

என்மேலேயும் கோபம். பதினோரு வருஷமாக நடக்கிற மலை. கால் சொன்னது, இது அந்த ஏற்றம் இல்லையென்று. நான் காலை நம்பாமல் ஃபோனை நம்பினேன். ஒரு பைன் கன்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு வண்டிக்கு நடந்தேன்.

அக்டோபர் 7

பஸ் ஓட்டும்போது ஸ்டீயரிங்கில் கை ஒட்டியது. சோப்புப் போட்டும் போகாத பிசின். நேற்று அழும்போது பிடித்த கன்றின் பிசின்.

மூன்றாவது நிறுத்தத்தில்தான் மூளை வேலை செய்தது. அந்தக் கன்றில் ஒரு பக்கம் பட்டையே இல்லை. அழுகிற கண்ணுக்கு அது தெரியவில்லை. மரத்தில் உரசிப் பட்டையை உரித்தது எல்க்கின் கொம்பு. பிசின் ஈரமாக இருந்ததென்றால் உரித்து ஒரு நாள்கூட ஆகவில்லை.

ஒரு பையன், "ரோண்டா, கதவைத் திறங்க, நாங்க ஏறணும்" என்று வெளியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

மறுபடி எரிந்த சரிவுக்குப் போனேன். இந்த முறை அழாமல் பார்த்தேன்.

சாணம். குளம்புத் தடம், பெரியதும் சிறியதும். சரிவின் மடிப்பில் சின்ன ஊற்று, சுற்றிலும் மிதிபட்ட புல். தீக்குப் பிறகு முளைத்த இளம்புல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பள்ளத்தில் ஆள் நடமாட்டம் தொடங்கினால் எல்க்குகள் எங்கே ஓடும் என்று யோசிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

கை பழக்கத்தில் புதுப் புள்ளி வைக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். வைத்தால் அவனுக்கும் தெரியும். எதற்கு வைக்கணும்? அவன் வைத்தது ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறது.

அக்டோபர் 26, சனி. சீசன் தொடக்கம்

வண்டி நிறுத்துமிடத்தில் மற்ற வேட்டைக்காரர்களோடு கர்ட். என் நாய் அவன் வண்டியிலிருந்து என்னைப் பார்த்து வாலாட்டியது. அதுதான் வலித்தது.

எல்லார் முன்னாலும், "பாத்துப் போ. தொலைஞ்சிடாத" என்றான்.

"எங்கிட்ட நம்ம மேப் இருக்கே கர்ட்" என்றேன்.

சட்டென்று குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். அது ஏற்கெனவே கட்டியிருந்தது. அவர்கள் அத்தனை பேரும் பள்ளத்துக்கு இறங்கினார்கள். நான் சுற்றிக்கொண்டு வடக்கே போனேன். நாள் முழுக்க ஒன்றும் கண்ணில் படவில்லை. படாவிட்டால் என்ன? காலையிலிருந்து எனக்குள் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

நவம்பர் 3

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காற்று என் முதுகிலிருந்தே அடித்தது. என் வாசனை எனக்கு முன்னால் போய்விட்டது. கரிக்கட்டையில் வழுக்கி முட்டி வீங்கியிருக்கிறது. கர்ட்டுக்கும் இன்னும் எதுவும் கிடைக்கவில்லையாம், பள்ளத்தில் எல்க்கைவிட வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைதான் அதிகமாம்.

பயமாக இருக்கிறது. சீசன் முடிந்து வெறுங்கையோடு மெர்ல் கடைக்குள் நுழைகிற பயம்.

நவம்பர் 10, ஞாயிறு

உடம்பு முழுக்க வலி. எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

நேற்று மத்தியானம். தரையில் நல்ல பனி, காற்று முகத்தில். ஊற்றுக்கு மேலே ஒரு கட்டைக்குப் பின்னால் படுத்திருந்தேன். ஒரு கொம்பன் எல்க் பைன் கன்றுகளுக்கு நடுவில் நடந்து வந்தது, தன் வீட்டு வாசலில் நடப்பதுபோல. மூச்சை விட்டேன், பாதியில் நிறுத்தினேன், சுட்டேன். சில எட்டு போய் விழுந்தது. பக்கத்தில் மண்டியிட்டு அதன் கழுத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. நன்றி சொன்னேன், உரக்க. கேட்க யாருமில்லை.

அப்புறம்தான் பயமே. ஒரு கொம்பன் என்றால் ஒரு ஆள் முதுகில் ஒரு நாளில் இறங்குகிற சுமை இல்லை, அதுவும் வீங்கின முட்டியோடு. கீழ்ச்சரிவில் கரடித்தடம் வேறு பார்த்திருந்தேன். கறியை வீணாக்கினால் சட்டப்படி குற்றம். அதைவிட, என்னால் அதைத் தாங்கவே முடியாது. வெட்டிப் பிரித்து, கயிற்றில் உயர மரத்தில் ஏற்றி, இருட்டுவதற்குள் வண்டிக்கு இறங்கினேன். சாலைக்கு வந்ததும் ஃபோனில் சிக்னல் கிடைத்தது.

யாரைக் கூப்பிடுவது? வந்து சுமக்கிறவருக்கு இடம் தெரிந்துவிடும். இந்த ஊரில் பெண்ணைக்கூடக் கொடுத்துவிடுவார்கள், வேட்டை இடத்தைச் சொல்ல மாட்டார்கள். கழுதை வைத்திருப்பவள் ஒருத்திதான், அவள் கர்ட்டின் தங்கை. வெகுநேரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், விடியும்போது வண்டி நிறுத்துமிடத்துக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டேன். வருகிறேன் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

காலையில் பிஸ்கட், செனட்டர் என்ற தன் இரண்டு கழுதைகளையும் இறக்கிக் கட்டினாள். பிறகு தன் ஃபோனை எடுத்து அணைத்து, வண்டியின் டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

"ஏன்?" என்றேன்.

"கையில இருந்தா நான் நடக்கிற தடத்தை மேப்புல அதுவா போட்டுக்கும். கர்ட் கேப்பான். எனக்குப் பொய் சொல்ல வராது. காட்டுறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னா இல்லதான்."

"வழி ஞாபகம் இருக்குமே லோர்னா."

"இதுங்களுக்கு இருக்கும்" என்று செனட்டரின் கழுத்தைத் தட்டினாள். "இதுங்க பேசாது."

நான் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். குளிர், குளிர்.

கறி அப்படியே இருந்தது. கரடி வரவில்லை. இறங்கும்போது புள்ளிகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். சட்டென்று நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கழுதைகள் மிரளும்படி சிரிக்க ஆரம்பித்தாள். "எங்கண்ணன் வாழ்க்கையில ஒருத்தருக்கு ஒழுங்கா வழி காட்டினது இதுதான்" என்றாள்.

யார் பக்கமும் இல்லாதவள். பக்கம் இல்லாதவர்களைப் பற்றி நான் அன்று எழுதியது தப்பு. அந்த வரியை அடித்துத் திருத்தாமல் விடுகிறேன், இருக்கட்டும்.

நவம்பர் 12

மெர்ல் கடையில் எங்கே என்று கேட்டார்கள். மலையில் என்றேன். மெர்ல் தோட்டாப் பெட்டியை வைக்கும்போது முகத்தைப் பார்த்தார்.

நவம்பர் 16, சனி

கர்ட்டின் செய்தி. "லோர்னா வாயே திறக்க மாட்டேங்கிறா. எங்கதான் சுட்ட?"

மெர்லுக்குச் சொன்ன பதிலையே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் முழுக்க என்னென்னவோ யோசித்தேன், நன்றாகச் சுடுகிற மாதிரி. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

"சேற்றுக்குழியில். நீ வெச்ச இடத்துலயே."



நவம்பர் 17

லோர்னா தன் பங்குக் கறிக்கு வந்தாள். ஃப்ரீசர் மூட மறுத்தது, அவள் மூடிமேல் ஏறி உட்கார்ந்தாள். பட்டாணிப் பையை வெளியே எடுத்துச் சூப்பில் போட்டோம்.

அவள் போன பிறகு மேப்பைத் திறந்தேன். சேற்றுக்குழி சேற்றுக்குழியில் இருக்கிறது. சாண்ட்விச் பாறை, வழுக்கிய சரிவு, பேசாத மேடு, எல்லாம் அதனதன் இடத்தில். கடைசியாக மாற்றியவர், கர்ட். வெட்கப்பட்டானோ, நான் கேலி செய்வதாக நினைத்து எரிச்சலில் செய்தானோ, தெரியாது. ஒரு வார்த்தை எழுதவில்லை.

பொது மேப்பிலிருந்து விலகு என்பதை அழுத்தினேன். உறுதிதானா என்று ஃபோன் கேட்டது. உறுதிதான். அந்தப் புள்ளிகளை அவனே வைத்துக்கொள்ளட்டும். எரிந்த சரிவில் இருந்த ஒரே அடையாளத்தையும் அவன் கையாலேயே எடுத்துவிட்டான். இனி எந்த மேப்பிலும் அந்த இடத்துக்குப் புள்ளி கிடையாது. நானும் வைக்கப் போவதில்லை.

நாளைக்குப் பனி கொட்டுமாம். காலையில் பஸ் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வேண்டும்.