சேவல்கள் வீடு மாறவில்லை

அன்புத் தம்பிக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

போன வாரம் குஞ்சு பொரித்தது. இன்குபேட்டரில் அறுபது முட்டை வைத்தேன். இருபத்திரண்டுதான் வெளியே வந்தது. பத்து கூமுட்டை. மிச்சமெல்லாம் ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. வந்ததிலும் ஐந்துக்கு விரல் வளைந்திருக்கிறது. நீ இருந்த கடைசி வருஷம் அறுபதுக்கு ஐம்பது வந்தது.

கால்நடை டாக்டர் வந்தார். சூட்டிலும் கோளாறில்லை, தீவனத்திலும் கோளாறில்லை என்றவர், கோழிகளின் கால் வளையத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கொடுத்துட்டு இருந்தா இப்படித்தாம்மா" என்றார். அப்பா விடுவாரா? "நானும் அத்தை மகளைத்தான் கட்டினேன். என் பிள்ளைங்களுக்கு விரல் நேராத்தானே இருக்கு?" என்றார்.

அப்போதுதான் நானும் கால்களைப் பார்த்தேன். சிவப்புக் கோழிவீட்டில், அங்கேயே பிறந்த சிவப்பு வளையச் சேவல். நீலத்தில் நீலம். மஞ்சளில் மஞ்சள்.

நீ கதவில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே இருக்க வேண்டும்; வருஷத்துக்கு ஒருமுறை இளஞ்சேவல்கள் மட்டும் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். நீ போன பிறகு இரண்டு வருஷமும் அப்பாதான் மாற்றினார். மாற்றியதைப் பார்த்தேன், மறுநாளே அவர் திருப்பி விட்டதைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை முடிந்து நான் வருவதற்குள் கோழியெல்லாம் அடைந்துவிடும். லீவு நாளிலும் முட்டையை எண்ணினேனே தவிர காலைப் பார்க்கவில்லை. தப்பில் பாதி என்னுடையது.

ஏன்ப்பா என்று கேட்டேன். "புது எடத்துல விட்டா தீனி எடுக்க மாட்டேங்குதும்மா. வேலியையே சுத்திச் சுத்தி வந்து கத்துது. எனக்குக் கேக்க முடியல. அதது பொறந்த எடத்துலயே இருக்கட்டும்னு விட்டேன்" என்றார்.

மூன்று வீடும் ஒன்றோடொன்று இன்னும் கலக்கவில்லை, இப்போது சேவலை மாற்றினால் அடுத்த பொரிப்பிலேயே தேறிவிடும் என்கிறார் டாக்டர். இந்த வருஷமும் தவறினால் மாற்றுவதற்கு நீல வீட்டில் சேவலே இருக்காது. அங்கே தேறுகிற மாதிரி ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. நீ ஏழு வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மந்தை.

ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றினேன். திங்கட்கிழமை மூன்றும் பழைய இடத்தில் நின்றன. மறுபடி மாற்றிப் பூட்டுப் போட்டேன். அப்பா வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சேவல் கத்தும்போதெல்லாம் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மூன்றாம் நாள் சாவியை நானே அவர் கையில் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

நீ அங்கே வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டியதை அவரிடம் நான் சொல்லவில்லை. உன்னைப் பற்றி அவர் எதுவும் கேட்பதில்லை. சேவல்களைப் பற்றித்தான் பேசுகிறார்.

அதை நீயே சொல்லிவிடு. சொல்லும்போது, புது இடம் முதல் மாசம்தான் கஷ்டமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது என்று சொல். வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல். உண்மையில்லாவிட்டாலும் சொல். அடுத்த முட்டை வைக்க மூன்று வாரம்தான் இருக்கிறது; அதற்குள் அவரே சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எங்கிருந்தாலும் நன்றாயிரு.

உன் அக்கா