கிணற்றில் தொங்கும் ரப்பர்த் துண்டு

என் உயிரனைய அக்கா அஞ்சலைக்கு,

லாயாங் லாயாங் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த நம் ரப்பர்த் தோட்டத்திலிருந்து உன் தம்பி எழுதுகிறேன். சப்பானியர் ஆட்சியில் எனக்கு மேடையேது? தீப்பொறி பறக்க நான் பேசிய பேச்சுக்குக் கைதட்டியவர்கள் இன்று என்னோடு மரவள்ளி நடுகிறார்கள். உனக்கு எழுதும் இம்மடலை அவர்கள் நடுவில் உரக்கப் படிக்கப்போகிறேன். அவர்கள் கேட்டே ஆகவேண்டிய செய்தி இது.

நினைவிருக்கிறதா? தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் கொசு பெருகாதிருக்கச் சாக்கடைகளில் எண்ணெய் தெளிப்பார்கள். அந்த வாடை இருந்தால் காய்ச்சல் அண்டாது என்று நம்பினோம். போர் வந்தது, துரை ஓடினார். அதன்பின் நம் கிணற்று நீரில் எண்ணெய் வாடை எழுந்தபோது லயத்து வீடுகளில் வாழும் நம் மக்கள் மகிழவன்றோ செய்தனர்! நீ ஒருத்திதான் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்: “எண்ணெ அடிக்கிற ஆளே இப்ப இல்ல. வாடை மட்டும் எங்கேர்ந்துடா வருது?”

சில திங்களில் நீ படுத்தாய், வயிறு எதையும் ஏற்கவில்லை, போய்விட்டாய். உன்னைக் கொண்டுபோனது காய்ச்சலா, அந்நீரா? மருந்துமில்லை, மருத்துவருமில்லை, யாரைக் கேட்பேன்? ஆனால் நீ விட்டுச்சென்ற கேள்விக்கேனும் விடை தேடலாம் அல்லவா?

தேடினோம். கிணற்றிலிருந்து ரப்பர் ஆலைவரை ஏறும் சரிவில் நானும் உன் கணவர் முத்தையா மாமாவும் குழிகள் தோண்டினோம். ரப்பர்த் தகட்டில் எண்ணெயோ பெட்ரோலோ பட்டால் உப்பிக் கொழகொழத்துப் போகும் என்பது பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் யாருக்குத் தெரியாது? ஒவ்வொரு குழியிலும் ஊறிய நீரில் ஒரு துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். கேட்டவர்களுக்கு மரவள்ளிக் குழி என்றோம்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து எட்டிப் பார்த்தார். “என்னா லா இது? மரவள்ளிக்கு இடுப்பளவு குழியா?”

“கெழங்கு பெருசா வெளையட்டும்னுதான் ஐயா,” என்றார் மாமா. “ஜப்பான்காரனுக்கும் பசிக்கும்ல?”

கிணற்றருகே தொங்கியவை சற்றே மென்மையாயின. மேலே செல்லச்செல்ல உப்பியிருந்தன. ஆலையின் பின்புறம் தொங்கியது களிபோல் கையில் ஒட்டிக்கொண்டது; அதற்கும் மேலிருந்ததோ போட்டபடியே கிடந்தது. அவ்விரண்டுக்கும் நடுவில் தோண்டினோம். துரை தம் சரக்கு வண்டிகளுக்காக நிலத்தடியில் வைத்திருந்த இரும்புப் பெட்ரோல் தொட்டி! வாயை மண்ணிட்டு மூடிவிட்டு ஓடியிருக்கிறார்.

கிராணி ஓடிவந்து மண்ணைக் காலால் தள்ளினார். “அலமாக்! பெட்ரோல பதுக்குனோம்னு ஜப்பான்காரன் நம்ம தலைய வாங்கிடுவான். மூடுங்கய்யா!”

மூங்கிலை விட்டுப் பார்த்தேன், நுனிகூட நனையவில்லை. அடித்தகடு துருவேறி அரித்துப் போயிருந்தது. பதுக்குவதற்கு ஒரு துளியும் இல்லை, அக்கா. அத்தனையும் மண் குடித்துவிட்டது. அந்த மண்ணிலிருந்து ஊறியதை நாம் குடித்தோம்.

அதன்பின் என் கவலையெல்லாம் மாமாதான். “தொட்டிதான் காலியாச்சே, இனிமே என்னாடா? நா வெட்டுன கெணறு. அவ தண்ணி எடுத்த கெணறு,” என்று மீண்டும் அதிலேயே வாளியை இறக்கினார். கிணற்றை விடுவது உன்னை விடுவதாகும் என்று எண்ணினாரோ? கூட்டங்கூட்டமாய் மக்களை எழுப்பிய என் நாவுக்கு, ஒரு மனிதரை ஒரு வாளியிலிருந்து பிரிக்க வலுவில்லை.

மண் குடித்ததைப் பெருமழை கிணற்றுக்கு அடித்துவந்தபின், அதில் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். மறுநாள் மாமாவையே இழுக்கச் சொன்னேன். அது அவர் விரல்களில் ஒட்டி நூலாய் நீண்டது.

“அவ வயித்துக்குள்ளயும் இதுதானேடா போச்சு,” என்றார்.

பிறகு தம் வீட்டுக் கதவைக் கழற்றிவந்து கிணற்றை மூடினார். இப்போது அவர் வாயிலில் தொங்குவது சாக்குதான்.

இப்போது நாங்கள் நீர் எடுக்கும் ஓடை தொலைவு, நடப்பவர் கால்கள் அறியும். இதைக் கேட்டபின்னும் யாரேனும் அந்தக் கதவைத் தூக்குவார்களா, அக்கா?

ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் நானும் மாமாவும் கதவை விலக்கி ஒரு துண்டை இறக்குவோம். இறக்கியபடியே அது விறைப்பாய் ஏறிவரும் நாள் எது? இவ்வாட்சி போகுமுன்னா, நாங்கள் போனபின்னா? அறியேன். நான் இருக்கும்போதே அந்நாள் வருமானால், முதல் வாளியை உன் குழிமேட்டில் ஊற்றுவேன். பிறகு அக்கதவைத் தூக்கிச் சென்று உன் வீட்டு வாயிலில் நானே மாட்டுவேன்.

உன் கேள்வியைச் சுமந்து நிற்கும் தம்பி,
இளவழகன்