ஓடைக்கரைத் தகட்டில் இல்லாத நால்வர்

அன்பு மகள் ஜனெலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அலாஸ்கா குளிரில் அப்படியே இருக்க வேண்டும். ஆலங்கட்டி மழையில் கோதுமை பாதி போய்விட்டது, மீதியை அறுத்துவிட்டோம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, ஆனால் டிராக்டரிலிருந்து இறங்கும்போது மட்டும் முனகுகிறார்.

நம் மேய்ச்சல் நிலத்து ஓரத்தில், சாலையை ஒட்டி நிற்கிற சண்டைத் தகடு நினைவிருக்கும். 1867இல் இந்த ஓடைக்கரையில் நடந்த சண்டையில் ஏழு சிப்பாய்கள் வீழ்ந்தார்கள், எதிரிகளின் இழப்பு தெரியவில்லை என்று எழுதியிருக்குமே. அந்த ஏழு பேரில் ஒருவர் அப்பாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து அதைச் சுற்றிப் புல் வெட்டுகிறேன், அந்தக் கடைசி வரியை ஒருநாளும் யோசித்ததில்லை. போன மாதம் ஓக்லஹோமாவிலிருந்து ரமோனா என்று ஒரு பெண், அன்று சிப்பாய்களோடு மோதிய ஷையன் பழங்குடியைச் சேர்ந்தவள், என் வயதுதான் இருக்கும், கதவைத் தட்டினாள். ஓடைப்பக்கம் போய்வரலாமா என்று கேட்டாள். எதற்கென்று நான் கேட்டதற்கு, "தெரியலைன்னு எழுதி வச்சிருக்கீங்க, எங்க வீட்டுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், நாலு பேரு, அதுல ஒருத்தி தண்ணி மொள்ளப் போன பொண்ணு" என்றாள். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டு ஆளுந்தாம்மா செத்தாரு" என்றார். அவள் கோபப்படவில்லை. "தெரியும், அதனாலதான் வேலியைத் தாண்டாம வாசல் வழியா வந்தேன்" என்றாள். அப்பா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் காப்பி ஊற்றிக்கொண்டே கேள்வியாய்க் கேட்டுத் தள்ளினேன். கூடாரங்கள் எந்தக் கரையில் இருந்தன, அந்தப் பெண்ணுக்கு என்ன வயது, மிச்சப்பேர் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று. தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள்.

அப்பா ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்கிற மனிதரா, சொல். இந்தத் தடவை எழுந்து, "தெரியலைங்கிற வார்த்தையை எடுத்துடுங்க, இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே" என்றார். தகட்டைக் கவனிக்கிற குழுவுக்கு நம் பக்கத்துப் பண்ணை மெர்ல்தான் தலைவர். "யாரோ வந்து சொன்னாங்கன்னு மாத்திக்கிட்டிருந்தா வருஷம் ஒரு தகடு வார்க்கணும், வெண்டல், ரொம்ப ஆசையா இருந்தா பேரைக் கொண்டா பாப்போம்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் ரமோனாவுக்குப் போன் செய்து பெயர்களைக் கேட்டார். "ரோட்டுல போற லாரிக்காரர் படிக்கிறதுக்கு இல்லைங்க அந்தப் பேருங்க, எண்ணிக்கை போதும்" என்று சொல்லிவிட்டாள். குழு மறுத்துவிட்டது. மெர்ல் இப்போது எங்களைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவதோடு சரி. அப்பா கிழக்கு வேலியிலிருந்து ஒரு சுண்ணாம்புக்கல் தூணைப் பெயர்த்து, தகட்டுக்கு அருகே நம் நிலத்துக்குள்ளேயே நட்டு, "ஷையன் மக்கள் நால்வரும் இங்கே" என்று தன் கையாலேயே செதுக்கினார். எழுத்து கோணல்தான், ஆனால் ஆழமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ரமோனா வந்தாள். தூணைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு எங்களையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக் காட்டுப் பிளம் புதருக்குப் போய், நாலு பெயரையும் அவள் மொழியில் உரக்கச் சொன்னாள். அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை, உனக்குத்தான் என் குணம் தெரியுமே. காதோரம் வந்து சொன்னாள். என் மகளிடம் சொல்லலாமா என்றேன். "எழுத வேணாம், இந்த இடத்துல கூட்டிவந்து நிறுத்திச் சொல்லுங்க" என்றாள். அதனால் இங்கே எழுதவில்லை, கண்ணு.

பனிச்சாலையில் மெதுவாக ஓட்டு, டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. பிளம் பழுக்கிற மாதத்திலாவது லீவு கேள். ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
அம்மா ஓப்பல்